இடது பக்கத்துப் பொத்தான்கள்

வெண்டெலிடம் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பான். இரண்டாவது தடவை கேட்டால், எதற்கு வீண் சிரமம் என்பான். மூன்றாவது தடவை கேட்டால், போட்டது மிச்சம் இருந்தால் அரைக் கோப்பை போதும் என்பான். அரைக் கோப்பை என்றால் முழுக் கோப்பையும் ஒரு துண்டு கேக்கும் வரும் என்பது கேட்டவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். என் கணவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. தெற்கு மினசோட்டாவில் எங்கள் சுற்றுவட்டாரத்து ஜெர்மன்காரர்கள், நார்வேக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். முதல் தடவையிலேயே சரி என்கிறவனை வளர்ப்பு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் அந்த வளர்ப்பில் வந்தவள்தான். 1964 நவம்பரில் அந்த வளர்ப்பு என் காலையே வாரிவிட்டது.

வெண்டெலுக்கு வலது கை இல்லை. 1957 அக்டோபரில் டிராக்டரில் பூட்டிய, மக்காச்சோளம் பறிக்கும் மெஷினில் சோளத்தட்டை சிக்கிக்கொண்டது. டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினால் மறுபடி கிளப்ப ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க, உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இவன் தட்டையைப் பிடித்து இழுத்தான். மெஷின் தட்டையோடு இவன் கையையும் இழுத்துக்கொண்டது. இதுவும் எங்கள் பக்கத்தில் நடக்காத விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எண்ணிப் பார்த்தால் மடித்து ஊக்கு குத்திய சட்டைக்கைகள் ஐந்து தேறும். அந்த ஐந்து பேருக்கும் பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிதான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பிடிக்க வேண்டும்.

கை போனபிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. தட்டில் இருக்கும் இறைச்சியை வெட்டித் தர வேண்டுமா, ஷூ கயிற்றைக் கட்ட வேண்டுமா, எல்லாவற்றையும் நானே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் கவனிக்கத் தவறினால், இறைச்சியை அப்படியே விட்டுவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?” என்று கத்துவேன். “பசியில்லை, அவ்வளவுதான்” என்பான். பொய். அடுத்த வேளைக்கு ரொட்டிக் கூடையைக் காலி செய்வான்.

நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ஆர்விட் நைகார்டுக்குக் குத்தகைக்கு விட்டோம். வெண்டெலுக்கு ஒரு கம்பெனியின் விதைச் சோளத்தை வீடு வீடாகப் போய் விற்கும் வேலை கிடைத்தது. சோளத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே ஒரு மைல், இரண்டு மைல். எங்களிடம் இருந்த பழைய டிரக்கில் கிளட்ச், ஸ்டியரிங் தண்டின் வலது பக்கத்தில் கியர் கம்பி. ஓடும்போதே அதை மாற்ற வேண்டும். ஒரு நாள் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவே இடது கையை நுழைத்து மாற்றிப் பார்த்தான். வண்டி நைகார்டு வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கியது. அதன்பிறகு இரண்டு வருஷம் நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருவான். வீட்டுக்காரன் கதவைத் திறந்ததும் முதலில் என்னைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வான். அது வெண்டெலை எப்படி அரித்தது என்பது எனக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை, ஆனாலும் தெரியும்.

1959இல் ஒரு ’57ஆம் வருஷத்து வண்டியைப் பழையதாக வாங்கினோம். ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்சும் கிடையாது, கியர் கம்பியும் கிடையாது. ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், முன் பலகையில், வரிசையாக ஐந்து பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் முன்னால் போகும், ஒன்றை அமுக்கினால் பின்னால் போகும், ஒன்று சும்மா நிற்க, இரண்டு மெதுவாக இழுக்க. கம்பெனிக்காரன் அதை ஏன் இடது பக்கம் வைத்தான் என்று எனக்குத் தெரியாது. வெண்டெலுக்காகவே வைத்த மாதிரி இருந்தது. சக்கரத்தைப் பிடித்தபடியே கட்டைவிரலை நீட்டி, வீட்டு அழைப்புமணியை அமுக்குகிற மாதிரி அமுக்குவான்.

கம்பி வைத்த ஆட்டோமேட்டிக் வண்டியிலும், நின்ற இடத்தில் வலது பக்கத்துக் கம்பியை இடது கையால் எட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெயில் காலத்தில் எட்டலாம். ஜனவரியில் சக்கரம் பனியில் புதைந்தால், முன்னால் ஒரு உந்து, பின்னால் ஒரு உந்து, மறுபடி முன்னால் என்று வண்டியை ஊஞ்சல் மாதிரி ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். கம்பி வண்டியில் அதற்கு இரண்டு கை வேண்டும். பொத்தான் வண்டியில் வெண்டெலுக்கு ஒரு கட்டைவிரல் போதும். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி இதையெல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, இடது கையால் கியர் மாற்றும் வண்டி மட்டுமே ஓட்டலாம் என்று லைசென்ஸிலேயே எழுதிவிட்டார். ஆகவே அந்தப் பொத்தான்கள் இல்லையென்றால் அவனுக்கு லைசென்ஸும் இல்லை, வேலையும் இல்லை.

முதல் நாள் அவன் தனியாகக் கிளம்பிப் போனபோது நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பி வர ஏழு மணி ஆனபோது ஜன்னலை விட்டு நகராமல் நின்று, வந்தவுடன் சண்டை போட்டேன். அதன்பிறகு ஐந்து வருஷம், பனி பெய்யும் நாளெல்லாம் அந்த ஜன்னல்தான் என் இடம்.

1964 செப்டம்பரில் புது வருஷத்து மாடல்களைக் காட்டும் நாளுக்கு டவுனில் ஹாகன் கார் கடைக்குப் போனோம். கடைக் கண்ணாடிகளை மறைத்து ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார்கள், காபியும் டோனட்டும் கொடுத்தார்கள். எங்கள் பழைய வண்டியின் தரையில் துரு ஓட்டை போட்டு, ஓடும்போதே ரோட்டைப் பார்க்கலாம் என்கிற நிலைமை. கியர் பெட்டியும் இழுத்து இழுத்துத்தான் பிடித்தது. வெண்டெல் ’65ஆம் வருஷ வண்டியின் ஜன்னலில் தலையை விட்டு உள்ளே பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். வெளியே வந்து, “நல்லா இருக்கு” என்றான்.

நான் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் வெறும் பலகை. ஸ்டியரிங்கின் வலது பக்கம் பளபளவென்று ஒரு கம்பி.

டெலூக்கா என்கிற விற்பனையாளர் ஓடிவந்தார். ஹாகனின் மகளைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர். நல்ல மனுஷன், பேச்சு மட்டும் மழை மாதிரி கொட்டும். “பட்டன் நிறுத்திட்டாங்க சார். எல்லா கம்பெனி வண்டியும் ஒரே மாதிரி இருக்கணுமாம். ஜனங்களும் கம்பியைத்தான் கேக்கறாங்க” என்றார். அப்போதுதான் ஊக்கு குத்திய சட்டைக்கையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “பழசுல ஏதாவது வந்தா நான் கட்டாயம் கூப்பிடறேன் சார்.”

“அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு” என்றான் வெண்டெல்.

நவம்பர் நடுவில் ஒரு காலை டெலிபோன் இரண்டு நீளமும் ஒரு குட்டையுமாக அடித்தது. அது எங்கள் வீட்டு மணி. எங்கள் ரோட்டில் எட்டு வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். மணி யாருக்கு அடித்தாலும் எட்டு வீட்டிலும் கேட்கும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டுக்கேட்கலாம். கேட்கவும் செய்வோம். வெண்டெல் வெளியே போயிருந்தான். நான் கை நிறைய மாவோடு எடுத்தேன்.

“மேடம், டெலூக்கா பேசறேன். ஒரு ’64 வந்திருக்கு. பச்சை. பட்டன் வண்டி! ஒரு பல் டாக்டர் வச்சிருந்தார், பாவம் போய்ச் சேர்ந்துட்டார். வண்டி புதுசு மாதிரி இருக்கு. சாருக்காக நிறுத்தி வைக்கட்டுமா?”

என் நெஞ்சு துள்ளியது. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: “ஐயோ, அதெல்லாம் எதுக்கு உங்களுக்குச் சிரமம்.”

அடுத்து அவர், சிரமம் என்ன மேடம் இதில், என்று சொல்ல வேண்டும். நான், வேற யாராவது வாங்கிக்கப் போறாங்க, என்பேன். அவர் மூன்றாவது தடவை கேட்பார். நான் சரி என்பேன். இதுதான் முறை.

“சரிங்க மேடம். பரவாயில்லை. நல்ல நாளா இருக்கட்டும்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். லைனில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு அதுவும் க்ளிக் என்று போயிற்று.

மறுபடி கூப்பிடுவார் என்று அன்றைக்கு முழுக்கக் காத்திருந்தேன். மாவு பொங்கி வழிந்தது. நானே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? வேண்டாம் என்றேனே, அதற்கு வேண்டும் என்று அர்த்தம் என்றா? மறுநாளும் கூப்பிடவில்லை. வெண்டெலிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பச்சை வண்டி ஒன்று எங்கள் ரோட்டில் மெதுவாகப் போனது. ஆர்விட்டின் மனைவி கெர்டா இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கை நீட்டிக்கொண்டு ஓட்டிப் போனாள்.

வெண்டெல் ஜன்னலருகே நின்றிருந்தான். “அது ’64 இல்ல? பட்டன் வண்டிதான்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “கெர்டாவுக்கு முழங்கால் வலி. டிரக் கிளட்சை மிதிக்க முடியலைன்னு ஆர்விட் சொல்லிட்டிருந்தான். நல்ல வேளை, கிடைச்சுது” என்றான். அவன் குரலில் பொறாமை துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

எங்கள் வண்டி டிசம்பர் முதல் வாரம் நின்றுபோனது. ரோட்டில்கூட இல்லை, முற்றத்திலேயே. என்ஜின் ஓடியது. முன்னால் போகும் பொத்தானை அமுக்கினான், நகரவில்லை. பின்னால் போகும் பொத்தானை அமுக்கினான். சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தையும் மேலிருந்து கீழாக அமுக்கினான், பிறகு கீழிருந்து மேலாக. என்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மூச்சு பனியாகப் படிந்து ஆளே தெரியவில்லை.

உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினான். “கியர் பெட்டி போயிடுச்சு. திங்கட்கிழமை விதைக் கம்பெனிக்குப் போன் பண்ணிடறேன்.”

“என்னன்னு?”

“வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி. ஆர்டர் எடுக்கிற மாசமே இதுதான். அவங்களை ஏன் காக்க வைக்கணும்?”

“நான் ஓட்டறேன். முன்ன மாதிரி.”

“வேணாம், லியோனா” என்றான். அந்த வேண்டாம் முதல் தடவை வேண்டாம் இல்லை. அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்.

பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் சுட்ட காபி கேக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு, டிரக்கை எடுத்துக்கொண்டு கெர்டா வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போக முடியாதே. பச்சை வண்டி கொட்டகைக்குள் துடைத்து வைத்த மாதிரி நின்றது.

கெர்டா காபி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள். வீண் சிரமம் என்றேன். மூன்றாவது தடவை கேட்காமலே ஊற்றினாள். அவளுடைய முழங்காலைப் பற்றிப் பேசினோம். ஆர்விட் தங்கையின் பிரசவத்தைப் பற்றிப் பேசினோம். சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு யார் எந்தப் பழத்தை வைத்து ‘பை’ சுட வேண்டும் என்று பேசினோம். முக்கால் மணி நேரம் போயிற்று. கிளம்பறேன் என்று எழுந்தேன். கோட் போட்டேன். வாசல் கதவில் கை வைத்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் நின்றேன். எங்கள் பக்கத்தில் உண்மையான பேச்செல்லாம் கதவில் கை வைத்தபிறகுதான் வரும்.

“கெர்டா, உங்க புது வண்டி…” என்றேன்.

அவள் சட்டென்று ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள். “நான் லைன்ல இருந்தேன், லியோனா.”

“தெரியும். நீ மூச்சு விட்டது கேட்டுச்சு.”

“அந்த ஆளு ரெண்டாவது தடவை கேப்பான்னு நானும்தான் காத்துட்டிருந்தேன்! சத்தியமா. ஒரே தடவையில வச்சுட்டானே, என்ன மனுஷன் இவன்! நியூ ஜெர்சியில எல்லாம் இப்படித்தானா?” “ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நீ திருப்பிக் கூப்பிடுவியான்னு மணி அடிக்கிறப்ப எல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். நீ கூப்பிடல. சரி, இவ வேணாம்னுதான் சொல்லியிருக்கா போலன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். எனக்கும் முட்டி வலிக்குதுடி.”

அவளைத் திட்டலாம் என்றுதான் வந்தேன். வாய் வரவில்லை. ஒட்டுக்கேட்டதா, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வாங்கியதா, நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

“எங்க வண்டி நின்னு போச்சு. திங்கட்கிழமை வெண்டெல் வேலையை விடறான்” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பட்டமாகச் சொன்னேன். “அந்த வண்டி எங்களுக்கு வேணும், கெர்டா. நான் கேட்கறேன். குடுப்பீங்களா?”

கெர்டாவின் முகம் சிவந்துவிட்டது. நான் துணி இல்லாமல் நின்றிருந்தால்கூட அவ்வளவு கூச்சப்பட்டிருக்க மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். “டெலூக்கா போன் பண்ணினது வெண்டெலுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“முதல்ல அதைச் சொல்லு. இன்னிக்கே சொல்லு. சொல்லாம நாங்க வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினா, ஏதோ தர்மம் பண்ண வந்திருக்கோம்னு நினைச்சுப்பான். சாகிற வரைக்கும் வாங்க மாட்டான். நான் ஆர்விட்கிட்ட பேசறேன்.”

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் பன்றி இறைச்சியை வெட்டி அவன் தட்டில் வைத்தேன். அவன் முள்கரண்டியை எடுத்தான்.

“வெண்டெல், அந்தப் பச்சை வண்டி வந்தப்போ டெலூக்கா முதல்ல இங்கதான் போன் பண்ணினார். உனக்காக நிறுத்தி வைக்கட்டுமான்னு கேட்டார்.”

முள்கரண்டி பாதியில் நின்றது. “நீ என்ன சொன்ன?”

“எதுக்கு உங்களுக்குச் சிரமம்னு சொன்னேன்.”

“எத்தனை தடவை கேட்டார்?”

“ஒரே தடவை.”

“ஒரே தடவைதானா?” நிஜமாகவே நம்ப முடியாமல் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான். “நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.”

“திட்டேன்! ஒரு வார்த்தை திட்டித் தொலையேன்! உன் பொழப்பையே கெடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன், நானா இருந்தாலும்ங்கறியே!” எனக்கு அழுகை வந்துவிட்டது. “போன்ல சொன்னது பழக்கம்தான். ஆனா அப்புறம் ரெண்டு நாள் நான் திருப்பிக் கூப்பிடல பாரு, அது வெறும் பழக்கமான்னு எனக்கே தெரியல. நீ வீட்டுலயே இருந்தா ஜன்னல்ல நிக்க வேணாமேன்னு எங்கேயோ ஒரு ஓரத்துல நினைச்சேனோ என்னவோ. அதையும் சொல்லிடறேன்.”

அவன் தட்டில் இருந்த இறைச்சித் துண்டுகளை முள்கரண்டியால் ஒரு ஓரமாக ஒதுக்கினான்.

“கை மாட்டின அன்னைக்கு ஆர்விட் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான்” என்றான்.

“தெரியும். அவன்தானே ஓடி வந்து மெஷினை அணைச்சான்.”

“அது அப்புறம். முதல்ல கையுறையோட நுனிதான் மாட்டிச்சு, லியோனா. விரல் மட்டும். தன் டிராக்டரை நிறுத்திட்டு ரொட்டி தின்னுட்டிருந்தான். கூப்பிட்டா கேக்கிற தூரம். ஒரு குரல் குடுத்திருந்தா வந்து அணைச்சிருப்பான்.” இடது கையால் மேஜை விரிப்பை நீவிக்கொண்டே சொன்னான். “சாப்பிடற மனுஷனை ஏன் எழுப்பறதுன்னு தோணிச்சு. மழை வேற வர மாதிரி இருந்துச்சு, அவனுக்கும் அறுவடை பாக்கி. நானே இழுத்து எடுத்துடலாம்னு பார்த்தேன். முழங்கை வரைக்கும் போனப்புறம்தான் கத்தினேன்.”

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து இறக்க எனக்குத் தோன்றவில்லை.

“கூப்பிட்டிருந்தா விரலோட போயிருக்குமா?”

“போயிருக்கலாம். யாருக்குத் தெரியும். ஏழு வருஷமா அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்.”

எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அப்படி ஒரு பாசமும் வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் போய் அடுப்பை அணைத்தேன். நைகார்டு வீட்டுக்குப் போனதையும் சொன்னேன். வண்டியைக் கேட்டேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தான். “கேட்டியா? வாயைத் திறந்தியா?” என்றான். “திறந்தேன்” என்றேன்.

மறுநாள் மத்தியானம் பச்சை வண்டி எங்கள் முற்றத்துக்கு வந்தது. பின்னாலேயே ஆர்விட்டின் டிரக். ஆர்விட்தான் பச்சை வண்டியிலிருந்து இறங்கினான். கெர்டா டிரக்கிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வெண்டெல் கோட்டை ஒரு தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வாசலில் வந்து நின்றேன்.

ஆர்விட் எப்படி ஆரம்பிப்பான், வெண்டெல் என்ன சொல்வான் என்று வரி வரியாக எனக்குத் தெரியும். வெண்டெல் வேண்டாம் என்பான். ஆர்விட் மறுபடி கேட்பான். வெண்டெல் மறுபடி வேண்டாம் என்பான். மூன்றாவதில் அந்த வேண்டாம் நிஜ வேண்டாமாக மாறிவிட்டால்? நேற்று அப்படி ஒரு வேண்டாமை நான் கேட்டுவிட்டேனே.

ஆர்விட் வண்டியின் சக்கரத்தை ஒரு உதை உதைத்தான். வானத்தைப் பார்த்தான். “பனி வரும்போல இருக்கு” என்றான்.

“வரும்” என்றான் வெண்டெல்.

“இந்த வண்டி எங்களுக்குச் சரிப்பட்டு வரல வெண்டெல். என் விரலைப் பாரு, எவ்வளவு தடி. ஒரு பட்டனை அமுக்கினா ரெண்டு அமுங்குது. கெர்டாவுக்கும் கலர் பிடிக்கல.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக அந்தக் கலரைப் பற்றிச் சர்ச்சில் பெருமையடித்துக்கொண்டிருந்த கெர்டா, “ஐய, என்ன பச்சை இது” என்றாள். “எனக்குக் கம்பி வண்டிதான் லாயக்கு. இழுத்து இழுத்து மாத்தினா தோளுக்கும் நல்லதாம்.”

“நீ எடுத்துக்கறியா?” என்றான் ஆர்விட். “நாங்க குடுத்த விலையே போதும்.”

வெண்டெல் வண்டியைப் பார்த்தான். குனிந்து ஜன்னல் வழியாக இடது பக்கத்துப் பொத்தான்களைப் பார்த்தான்.

“எடுத்துக்கறேன்” என்றான். “எனக்கு அது வேணும், ஆர்விட்.”

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆர்விட் இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் பேச்சு தயார் செய்து வைத்திருந்தான் போலிருக்கிறது. அதைக் கீழே போட மனசு வரவில்லை. “அப்படிச் சொல்லாதப்பா, நல்லா யோசிச்சுப் பாரு. கொட்டகையில சும்மாதான் நிக்குது, எடுத்துக்கிட்டா நீ எங்களுக்குத்தான் உதவி பண்ற மாதிரி…”

“அவன்தான் எடுத்துக்கறேங்கறானே!” என்று கெர்டா அவன் விலாவில் இடித்தாள்.

“ஓ” என்றான் ஆர்விட். காது நுனி சிவக்கச் சாவியை நீட்டினான். வெண்டெல் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு, அதே இடது கையை நீட்டி ஆர்விட்டின் கையைப் பிடித்தான். எங்கள் ஆண்கள் கையை ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு விட்டுவிடுவார்கள். இவன் விடவில்லை. ஆர்விட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. ஏன் இவ்வளவு நேரம் பிடித்திருக்கிறான் என்று அவனுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

நைகார்டுகள் டிரக்கில் போனார்கள். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். அப்படி நான் விட்டது அதுவே முதல் தடவை.

வெண்டெல் பழைய வண்டியிலிருந்து விதைச் சோளம் வைத்த பெட்டியை எடுத்துப் புது வண்டியின் பின் சீட்டில் வைத்தான். வடக்கே ஷ்மிட் பண்ணைக்குப் போக வேண்டும் என்றான், அங்கே ஆர்டர் எடுக்காமல் இரண்டு வாரமாகிவிட்டது. உட்கார்ந்து கிளப்பினான். கட்டைவிரலை நீட்டிப் பின்னால் போகும் பொத்தானை அமுக்கினான். வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, ரோட்டைப் பார்த்து நின்றது. லேசாகப் பனி விழ ஆரம்பித்தது. நான் வாசலிலேயே நின்றேன். ஜன்னலுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் உடனே கிளம்பவில்லை. கழுத்துத் துணி தோளில் முடிச்சில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் கட்ட முடியாது. வழக்கமாக நான்தான் கவனித்துக் கட்டிவிட வேண்டும். இன்றைக்கு எல்லாக் குழப்பத்திலும் மறந்துவிட்டேன். மறந்தால் கட்டாமலே போவான், திரும்பி வந்து இருமுவான், ஏழு வருஷமாக அப்படித்தான்.

கண்ணாடியை இறக்கினான்.

“லியோனா, இதைக் கட்டி விடு. காத்து உள்ள போகுது.”

என் கையெல்லாம் இன்னும் சோப்புப் பிசுபிசுப்பு. துடைக்கக்கூட நிற்கவில்லை. ஒரே தடவைதான் கேட்டான், நான் பனியில் இறங்கி ஓடினேன்.